வெட்கப்பட நேரமில்லை... 72 மணி நேரம்தான் கெடு!



சமையல் குறிப்பு, கோலம், குழந்தை வளர்ப்பு என்று எழுதுகிற இந்தப் பக்கத்தில் 'எய்ட்ஸ்' என்ற வார்த்தையைப் பார்த்ததும், "இதெல்லாம் நமக்கெதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம் வீட்டுப் பெண் நர்ஸ் வேலைக்குப் போகிறாள். நம் தெருப் பெண் ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கப் போகிறாள். பேப்பரைத் திறந்தால் சின்னஞ்சிறு பெண்களுக்கு நடக்கிற கொடுமைகளைப் படித்து தினம் தினம் வயிறெரிகிறோம். அதனால் இது நமக்கும் வேண்டிய சங்கதிதான்.

விஷயம் இதுதான். எச்.ஐ.வி. கிருமி உடம்புக்குள் போயிருக்குமோ என்று பயப்படும்படி ஏதாவது நடந்துவிட்டால், 72 மணி நேரத்துக்குள், அதாவது 3 நாளுக்குள், அதற்குரிய மாத்திரையைச் சாப்பிட ஆரம்பித்து 28 நாள் விடாமல் சாப்பிட்டால், அந்தக் கிருமி உடம்பில் நிலைத்துவிடாமல் பெரும்பாலும் தடுத்துவிட முடியும். டாக்டர்கள் இதை 'பெப்' என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள்.

72 மணி என்பது கடைசி எல்லை. அதுவரை ஆற அமர இருக்கலாம் என்று அர்த்தமில்லை. முதல் மாத்திரை 2 மணி நேரத்துக்குள் போட்டுவிட்டால் ரொம்ப நல்லது என்று நம் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பே சொல்கிறது. நேரம் ஆக ஆக மாத்திரையின் பலன் குறைந்துகொண்டே போகும். 72 மணி தாண்டிவிட்டால் பொதுவாக டாக்டர்கள் இதை ஆரம்பிப்பதில்லை.

எங்கள் மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்துக்கு ஒருமுறை நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருக்கும் அம்மா ஒருவர் வந்து பேசினார். அன்றைக்கு 30 பேர் இருந்தோம். எய்ட்ஸ் எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று கேட்டபோது எல்லாரும் கடகடவென்று சொன்னோம். சுவரெல்லாம் 'புள்ளிராஜா' விளம்பரம் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாங்கள்! ஆனால், "பட்டபிறகும் தடுக்கலாம் என்று யாருக்குத் தெரியும்?" என்று அவர் கேட்டபோது ஒரு கை கூடத் தூக்கவில்லை. அன்றிலிருந்து இதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு உங்களிடம்.

அன்றும் இன்றும்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நம் சென்னையில்தான். 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும், அவரிடம் படித்துக்கொண்டிருந்த டாக்டர் நிர்மலாவும் பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்தத்தைச் சேகரித்தார்கள். ஐஸ் பெட்டியில் வைத்து ரயிலில் கொண்டுபோய் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் சோதித்ததில்தான் அந்த உண்மை வெளியே வந்தது. இரண்டு பேரும் பெண்கள், இரண்டு பேரும் நம் ஊர்க்காரர்கள் என்பது நமக்குப் பெருமை. அப்போது இந்த நோய்க்கு மருந்தே கிடையாது. மறு வருஷம், 1987-ல், ஜிடோவுடின் என்ற முதல் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

சரி, நோய் வந்தவர்களுக்குக் கொடுக்கிற மருந்தை, ஊசி குத்திக்கொண்ட நர்சுக்கு உடனே கொடுத்தால் என்ன என்று டாக்டர்கள் யோசித்தார்கள். 1995-ல் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் நாட்டு ஆஸ்பத்திரி ஊழியர்களை வைத்துச் செய்த ஆய்வு வெளியானது. எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தியும் இந்த மருந்தைச் சாப்பிட்டவர்களுக்கு நோய் வரும் ஆபத்து சுமார் 80 சதவீதம் குறைந்தது என்று அதில் தெரிந்தது. அது ஒரே ஒரு மருந்துக்கே! இன்றைக்கு அரசு ஆஸ்பத்திரிகளில் டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் என்ற 3 மருந்துகளை ஒரே மாத்திரையாகச் சேர்த்து, நாளைக்கு ஒன்று என்று கொடுக்கிறார்கள்.

28 நாள் கணக்கு ஏன் என்று கேட்கலாம். குரங்குகளுக்கு இதே வகைக் கிருமியைச் செலுத்தி, மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வு 1998-ல் வெளியானது. 24 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாளும் மருந்து கொடுத்த குரங்குகள் எல்லாம் தப்பின. தாமதமாக ஆரம்பித்தவற்றிலும், 3 நாள், 10 நாள் என்று பாதியில் நிறுத்தியவற்றிலும் பலவற்றுக்கு நோய் தொற்றிக்கொண்டது. சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டும், கடைசிவரை முடிக்க வேண்டும் என்ற இரண்டு பாடமும் அதிலேயே இருக்கிறது.

நம் அடுப்படி பாஷையில் சொல்கிறேன். பாலில் உறை மோர் விட்டுவிட்டோம். விட்ட கையோடு பிரிட்ஜில் தூக்கி வைத்தால் அது அப்படியே பாலாக இருக்கும். ராத்திரி முழுக்க வெளியே வைத்துவிட்டால் விடியும்போது கெட்டித் தயிர். பிறகு எந்தப் பிரிட்ஜில் வைத்தாலும் அது பாலாகாது. எச்.ஐ.வி. கிருமியும் உள்ளே போன உடனே உடம்பு முழுக்கப் பரவுவதில்லை. புகுந்த இடத்தில் கொஞ்சம், பிறகு பக்கத்து நெறிகட்டும் இடங்கள், பிறகு ரத்தம் என்று 2, 3 நாளில் பெருகிப் பெருகிப் போகிறது. அந்த இடைவெளியில் மாத்திரை போய் அதைப் பெருகவிடாமல் மறித்துவிட்டால், உறை பிடிப்பதற்குள் பாலைக் காப்பாற்றின மாதிரி.

ஒரு வீட்டில் நடந்தது

எங்கள் தெருவில் ஒரு பெண். 22 வயசு. நர்சிங் உதவியாளர் படிப்பு முடித்துவிட்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். அப்பா இல்லை. அம்மா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுப் பிழைப்பவர். அவளுடைய சம்பளத்தில்தான் தம்பி படிக்கிறான்.

ஒருநாள் நைட் டூட்டி. ராத்திரி 2 மணிக்கு ஒரு நோயாளிக்கு ரத்தம் எடுத்துவிட்டு ஊசிக்கு மூடி போடும்போது கட்டைவிரலில் குத்திவிட்டது. ரத்தமும் வந்திருக்கிறது. பெரிய சிஸ்டரிடம் சொன்னதற்கு, "கையக் கழுவிட்டு வேலையப் பாரு. இதையெல்லாம் வெளியே சொல்லிட்டுத் திரியாதே" என்று வாயை அடைத்துவிட்டார். அந்த நோயாளிக்கு எச்.ஐ.வி. சோதனை செய்திருந்தார்களா என்பதே அவளுக்குத் தெரியாது. காலையில் அவர் டிஸ்சார்ஜ் ஆகிப் போயும்விட்டார்.

பெண் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை, தூங்கவில்லை. சாயங்காலம் 6 மணிக்கு என்னிடம் ரவிக்கை கொடுக்கிற சாக்கில் வந்தவள், "சித்தி, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்து, முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். அதற்குள் 16 மணி நேரம் ஓடிவிட்டது.

நான் அவளை அழைத்துக்கொண்டு அவள் அம்மாவிடம் போனேன். அந்த அக்கா முதலில் ஒப்பவே இல்லை. "ஏம்மா, ஊசி குத்துனதுக்கெல்லாம் எய்ட்ஸ் மாத்திரை வாங்கப் போனா ஊர் என்ன பேசும்? தை மாசம் பொண்ணு பாக்க வர்றேன்னு சொல்லியிருக்காங்க. மூணு மாசம் கழிச்சு நாமளே கமுக்கமா ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துக்கலாம்" என்றார்.

பெற்ற வயிறு என்ன பாடுபடும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் விடவில்லை. "அக்கா, மூணு மாசம் கழிச்சுப் பாத்தா வந்திருக்கா இல்லையான்னு மட்டும்தான் தெரியும். வராம தடுக்கிறது இன்னிக்கும் நாளைக்கும்தான் முடியும். பேச நேரமில்ல, செருப்ப மாட்டுங்க" என்றேன். அந்த அக்கா கொஞ்ச நேரம் பெண்ணின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெஷினை மூடிவிட்டு எழுந்தார்.

மூன்று பேரும் ஆட்டோ பிடித்து பெரியாஸ்பத்திரிக்குப் போகும்போது மணி எட்டு. அந்த நேரத்தில் நம்பிக்கை மையம் பூட்டியிருக்கும். நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். டூட்டியில் இருந்தது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. கதவைச் சாத்திவிட்டு நிதானமாகக் கேட்டார். எத்தனை மணிக்குக் குத்தியது, எவ்வளவு ஆழம், ஊசியில் ரத்தம் இருந்ததா, கையுறை போட்டிருந்தாயா, மஞ்சள் காமாலை தடுப்பூசி போட்டிருக்கிறாயா என்று. ரத்தம் எடுக்கிற உள்துளை ஊசி என்றால் ஆபத்து கொஞ்சம் கூடுதலாம். தையல் போடுகிற ஊசி என்றால் குறைவாம்.

பிறகு அவர் சொன்ன கணக்கு எங்கள் எல்லாருக்குமே மூச்சு வாங்கினாற்போல் இருந்தது. எச்.ஐ.வி. இருக்கிறவருக்குப் போட்ட ஊசியே குத்தினாலும், 1000 பேரில் சுமார் 3 பேருக்குத்தான் நோய் தொற்றும். ஆக, குத்தியவுடனே எல்லாம் முடிந்துவிட்டது என்று இடிந்துபோகத் தேவையே இல்லை. ஆனால் அந்த 3 பேரில் நாம் ஒருவராக இருந்துவிடக் கூடாது அல்லவா? அதற்குத்தான் மாத்திரை.

பெண்ணின் சம்மதம் கேட்டு ரத்தம் எடுத்தார்கள். ரிசல்டுக்குக் காத்திருக்காமல் அங்கேயே முதல் மாத்திரையை விழுங்க வைத்தார்கள். அந்த நோயாளியைத் தேடிப்பிடித்து, அவர் சம்மதத்தோடு சோதித்து, அவருக்கு ஒன்றுமில்லை என்று உறுதியானால் மாத்திரையை நிறுத்திக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா. அவர் கிடைக்கவில்லை. அதனால் 28 நாளும் சாப்பிட்டே ஆக வேண்டும் என்றாகிவிட்டது.

ஒரு வாரம் ஒழுங்காகப் போனது. ஒன்பதாம் நாள் குமட்டல், தலைவலி, ராத்திரி தூக்கம் வரவில்லை. "போதும் சித்தி, எனக்கு ஒண்ணும் வந்திருக்காது" என்று அந்தப் பெண் மாத்திரையைத் தள்ளி வைத்துவிட்டாள். அப்போது யார் விடவில்லை தெரியுமா? முதல் நாள் வரமாட்டேன் என்ற அதே அம்மாதான். நாள்காட்டியில் ஒவ்வொரு தேதியிலும் குங்குமத்தால் பொட்டு வைத்து எண்ணினார். தினமும் ராத்திரி 9 மணிக்கு சோறு போட்ட கையோடு மாத்திரையும் தண்ணீருமாக எதிரில் நிற்பார். நைட் டூட்டி நாளில் டிபன் டப்பாவோடு மாத்திரையும் போகும். சொந்தக்காரர்கள் யாராவது கேட்டால், "டாக்டர் எழுதிக் கொடுத்தது" என்பதோடு பேச்சை முடித்துவிடுவார்.

28-வது பொட்டும் வைத்தாயிற்று. 6 வாரம், 3 மாதம், 6 மாதம் என்று டாக்டர் சொன்ன கணக்கில் சோதனை செய்ததில் ஒன்றுமில்லை என்றே வந்தது. மாத்திரையால்தான் தப்பினாளா, இல்லை அந்த நோயாளிக்கே எதுவும் இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. அந்த அம்மா அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. இப்போது ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறார், அது போதும்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. 2017-ல் கொண்டுவந்து, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி, தனியாரோ அரசோ, ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள் தங்கள் ஊழியர்களுக்குப் பாதுகாப்பு சாதனங்களும், இப்படி ஊசி குத்தினால் தடுப்பு மாத்திரையும் கொடுத்தாக வேண்டும். நர்சுக்கு மட்டுமல்ல, குப்பை அள்ளுகிற அம்மாவுக்கும் அந்த உரிமை உண்டு. சம்மதம் இல்லாமல் யாருக்கும் எச்.ஐ.வி. சோதனை செய்யக் கூடாது, ரிசல்டை வெளியே சொல்லக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. "ஊருக்குத் தெரிஞ்சிடும்" என்று பயந்து வீட்டில் முடங்கிவிடாதீர்கள்.

யாருக்குத் தேவை?

ஊசி, கத்தி போன்ற ரத்தம் பட்ட கூர்மையான பொருள் குத்தினாலோ கிழித்தாலோ, அடுத்தவர் ரத்தம் கண்ணிலோ, வாயிலோ, நம் திறந்த காயத்திலோ தெறித்தாலோ, பலாத்காரத்துக்கு ஆளானாலோ, எச்.ஐ.வி. உள்ளவரோடு, அல்லது அந்தச் சந்தேகம் உள்ளவரோடு, உறவின்போது ஆணுறை கிழிந்துவிட்டாலோ, ஆணுறையே இல்லாமல் போனாலோ, உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். கணவர்மேல் சந்தேகம் இருந்தும் சொல்ல முடியாமல் தவிக்கிற சகோதரிகளும் இதில் அடக்கம். நம்பிக்கை மையத்தில் மனம் விட்டுப் பேசலாம்.

எச்.ஐ.வி. உள்ளவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டாலோ, அவர் உபயோகித்த கழிப்பறைக்குப் போனாலோ, கட்டிப்பிடித்தாலோ, கொசு கடித்தாலோ இந்த மாத்திரை தேவையே இல்லை. அதில் நோய் பரவாது. எச்சில், வியர்வை, கண்ணீரிலும் ரத்தம் கலந்திருந்தால் தவிர ஆபத்தில்லை. தெருக் குப்பையில் கிடந்த பழைய ஊசி குழந்தையின் காலில் குத்திவிட்டால் பலர் அலறுவோம். காய்ந்துபோன ஊசியில் எச்.ஐ.வி. கிருமி நெடுநேரம் உயிரோடு இருக்காது. ஆபத்து மிக மிகக் குறைவு. ஆனாலும் டெட்டனஸ் ஊசி, மஞ்சள் காமாலை பி தடுப்பூசி தேவையா என்று பார்க்க அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்பதையும் அவரே முடிவு செய்யட்டும்.

முதல் காரியம் என்ன?

ஊசி குத்தின இடத்தை ஓடுகிற தண்ணீரிலும் சோப்பிலும் நன்றாகக் கழுவ வேண்டும். நாம் என்ன செய்வோம்? டக்கென்று விரலை வாயில் வைத்துச் சப்புவோம், அல்லது ரத்தம் வரும்படி பிதுக்குவோம். இரண்டையும் செய்யவே கூடாது. ஸ்பிரிட், டிஞ்சர், பிளீச்சிங் பவுடர், மஞ்சள்தூள் எதையும் வைத்துத் தேய்க்கவும் கூடாது. தோல் இன்னும் புண்ணாகிவிடும். கண்ணில் தெறித்தால் சோப்பு வேண்டாம், சுத்தமான தண்ணீரை விட்டுவிட்டுக் கழுவினால் போதும். வாயில் பட்டால் துப்பிவிட்டு, பலமுறை கொப்பளிக்க வேண்டும். அப்புறம் மணியைப் பார்த்து எழுதிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

மாத்திரை சாப்பிடும்போது...

தினமும் ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும். மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் சாப்பிடலாம். மறுநாள் இரண்டாகச் சேர்த்து விழுங்கக் கூடாது. குமட்டல், தலைவலி, பேதி, தூக்கமின்மை சிலருக்கு வரும். அனேகமாகச் சில நாளில் சரியாகிவிடும். பொறுக்க முடியாவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது.

நம் பெண்களுக்கு முக்கியமான இன்னொரு விஷயம். நம்மில் பாதிப் பேர் இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறோம். நெஞ்சு எரிந்தால் அசிடிட்டி மருந்து குடிக்கிறோம். இவை டோலுடெகிராவிர் மருந்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது. தடுப்பு மாத்திரையைச் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துத்தான் இவற்றைச் சாப்பிட வேண்டும். இவற்றை முதலில் சாப்பிட்டுவிட்டால் 6 மணி நேரம் இடைவெளி விட வேண்டும். சர்க்கரைக்கு மெட்பார்மின் சாப்பிடுகிறவர்கள், வலிப்பு, காசநோய் மருந்து சாப்பிடுகிறவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். மஞ்சள் காமாலை பி இருக்கிறதா என்று சோதிப்பதும் அவசியம். அது இருக்கிறவர்கள் இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் ஈரல் பாதிக்கலாம்.

கடைசி சோதனை முடிகிறவரை ரத்ததானம் கூடாது. கணவன் மனைவி ஆணுறை உபயோகிக்க வேண்டும்.

சொல்லவும் நா கூசும் கொடுமை நடந்தால்...

இதை எழுதவே கை நடுங்குகிறது. ஆனால் இங்கேதான் நாம் அதிக நேரத்தைத் தொலைக்கிறோம். ஒரு பெண்ணுக்கோ குழந்தைக்கோ அந்தக் கொடுமை நடந்துவிட்டால், நாம் முதலில் செய்வது குளிப்பாட்டித் துணியைத் துவைத்துப் போடுவது. அப்புறம் அழுவது. அப்புறம் "வெளியே தெரியாம இருக்கணுமே" என்று பெரியவர்கள் கூடிப் பேசுவது. அதிலேயே இரண்டு நாள் போய்விடும்.

குளிக்காமல், உடுத்திய துணியை அப்படியே காகிதப் பையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குளித்துவிட்டாலும் பரவாயில்லை, போங்கள். வைத்தியத்துக்கு அது தடையில்லை. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை, கரு தங்காமல் இருக்க மாத்திரை, மற்ற பால்வினை நோய்களுக்கு மருந்து, மஞ்சள் காமாலை தடுப்பூசி எல்லாம் அங்கே கொடுக்க வேண்டும் என்று மத்திய சுகாதாரத் துறை 2014-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. குழந்தைகளுக்கு எடைக்கு ஏற்ற அளவில் கொடுப்பார்கள்.

"போலீஸ் ஸ்டேஷன் போய்ட்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்" என்று எந்த ஆஸ்பத்திரியும் திருப்பி அனுப்பக் கூடாது. அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, பலாத்காரத்துக்கு ஆளானவருக்கு உடனே, இலவசமாக வைத்தியம் செய்ய வேண்டும் என்று 2013-ல் சட்டமே கொண்டுவந்தார்கள். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 397-வது பிரிவாக இருக்கிறது. போலீசுக்குத் தகவல் சொல்வதை ஆஸ்பத்திரியே செய்யும். வைத்தியம் மறுப்பது தண்டனைக்குரிய குற்றம். தெரிந்து வைத்துக்கொண்டால் யாருக்காகவாவது நாம் அழுத்திக் கேட்கலாம்.

வேறு சில சந்தேகங்கள்

"தாய்க்கு இருந்தால் குழந்தைக்கு?" என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கர்ப்பிணிக்குக் கூட்டு மருந்து கொடுத்து, குழந்தை பிறந்த உடனே அதற்கும் குறைந்தது 6 வாரம் மருந்து கொடுத்தால், குழந்தையை எச்.ஐ.வி. இல்லாமல் காப்பாற்ற பெரும்பாலும் முடிகிறது. அதனால்தான் கர்ப்பகாலத்தில் சோதனை செய்யச் சொல்கிறார்கள். தட்டிக் கழிக்காதீர்கள்.

கணவருக்கு எச்.ஐ.வி. இருந்து, அவர் ஒழுங்காகக் கூட்டு மருந்து சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்த நிலை நீடித்தால், உறவின் மூலம் மனைவிக்குப் பரவுவதில்லை என்றும் இன்றைக்கு நிரூபித்திருக்கிறார்கள். ஆபத்து அடிக்கடி நேரும் நிலையில் இருக்கிறவர்களுக்கு முன்கூட்டியே சாப்பிடுகிற தடுப்பு மாத்திரையும் உண்டு. டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும். மாத்திரைதான் இருக்கிறதே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. இது நூற்றுக்கு நூறு உத்தரவாதமில்லை. மீறி வரவும் கூடும். மருந்துக்கடையில் தானாகப் பெயர் சொல்லி வாங்கிச் சாப்பிடுகிற மாத்திரையும் இல்லை. டாக்டர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். நர்ஸ் வேலை பார்க்கிற பெண்கள் கையுறை போடுங்கள், ஊசிக்கு மறுபடி மூடி போடாதீர்கள், மஞ்சள் காமாலை பி தடுப்பூசி 3 தவணையும் போட்டுக்கொள்ளுங்கள்.

சகோதரிகளே, 1097 என்ற எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேசிய எய்ட்ஸ் உதவி எண். கட்டணமில்லை. பெயர் சொல்லாமலே கேட்கலாம். எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். நேரம் குறைவாக இருந்தால் போனுக்குக் கூடக் காத்திருக்காமல் அரசு தலைமை ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

முடிந்தால் இந்தப் பகுதியைக் கத்தரித்து, நர்ஸ் வேலை பார்க்கும் உங்கள் மகளின் பையிலோ, ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குப் போகும் உங்கள் தெரு அம்மாவின் கையிலோ கொடுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் படித்துக் காட்டுங்கள். "3 நாளுக்குள்ள, 28 நாள் மாத்திரை" என்ற இந்த ஒரு வரி ஞாபகம் இருந்தாலே போதும்.

- ஒரு வாசகி, மதுரை மாவட்டம்.